அக்காவின் உடம்பு

அக்கா தீபாவளிக்குச் சட்டை தைக்கக் கொடுப்பது எப்போதும் நோர்வூட்டில் இருந்த ஒரே தையற்கடையில்தான். ஒரு வருடம் அந்தக் கடைத் தையற்காரர் நானா அளவெடுத்து முடித்துவிட்டு, நாடாவைக் கழுத்தில் போட்டுக்கொண்டு, கொஞ்சம் தயங்கிச் சொன்னார்.

"தங்கச்சி, இந்தத் துணி பத்தாதும்மா. இன்னும் கொஞ்சம் வாங்கிட்டு வரணும்."

அக்கா வெட்கப்பட்டுத் தலையைக் குனிந்துகொண்டாள். அம்மா மட்டும் கடையில் நின்ற மற்றவர்களுக்கும் கேட்கும்படி, "வாங்கிட்டா போச்சு. எம்மகளுக்கு என்ன கொறச்சல்?" என்றாள். பஸ்ஸில் திரும்பி வரும்போது பக்கத்து இருக்கைக்காரியிடமும் அதைச் சொன்னாள். தேயிலைத் தோட்டத்தில் எங்கள் வீட்டு வரிசையான லயத்துக்கு வந்து சேர்ந்ததும் வாசலிலேயே நின்று சொன்னாள். மகளுக்குத் துணி பத்தவில்லை என்பது அன்று எங்கள் வீட்டில் ஒரு நல்ல செய்தி.

அம்மாவைக் குறை சொல்ல முடியாது. அவள் சின்னப் பிள்ளையாக இருந்த காலத்தில் தோட்டங்களில் பட்டினி வந்தது. மாவும் இல்லை, அரிசியும் இல்லை. தேயிலைக்கு நடுவே முளைத்த கீரையையும் காட்டுக் கிழங்கையும் அவித்துத் தின்றிருக்கிறார்கள். அவளுடைய தம்பி ஒருவன் அந்தப் பஞ்சத்தில் செத்துப்போனான். அவனைத் தூக்கியபோது துணி மூட்டையைத் தூக்குவதுபோல் இருந்தது என்று அம்மா சொல்லுவாள். அதற்குப் பிறகு அவளுக்கு ஒரே கணக்குதான். சதை இருந்தால் உயிர் இருக்கிறது. எலும்பு தெரிந்தால் சாவு பக்கத்தில் இருக்கிறது.

கல்யாணமான புதிதில் அக்கா மெலிந்துதான் இருந்தாள். கொழுந்தெடுக்கிற பெண்கள் யாருமே அப்போது தடித்திருக்கவில்லை. காலையில் மலைக்கு ஏறினால் மாலை வரை ஏற்றமும் இறக்கமும்தான். முதல் பிள்ளை பெண். இரண்டாவது பிள்ளை வயிற்றிலேயே இறந்தது. அதற்குப் பிறகு அக்காவுக்கு இடுப்பு சரியாக நிமிரவில்லை. கூடையைச் சுமக்க முடியாது என்று பலமுறை சொல்லிப் பார்த்து, கடைசியில் பிள்ளைக்காம்பராவில் வேலை கொடுத்தார்கள். மலைக்குப் போகும் தாய்மார் தங்கள் குழந்தைகளை விட்டுவிட்டுப் போகும் இடம் அது.

அங்கே அவள் நாள் முழுதும் உட்கார்ந்திருந்தாள். குழந்தைகளுக்குக் கிண்டிய சத்துமாவில் மிஞ்சியதை வீணாக்க மனமில்லாமல் தின்றாள். காலையில் வீட்டில் கோதுமை மா ரொட்டியும் சம்பலும். மத்தியானம் கிழங்குக் கறியோடு சோறு. பின்னேரம் பணிஸோ பிஸ்கட்டோ. இடையிடையே கரண்டி நிற்கும் அளவுக்குச் சீனி போட்ட தேத்தண்ணி. மலையில் வேலை செய்தபோதும் அவள் சாப்பாடு இதுவேதான். சாப்பாடு மாறவில்லை, வேலை மாறிவிட்டது. எங்களில் யாருக்கும் அப்போது அது தெரியவில்லை.

மச்சான், அதாவது அக்காவின் கணவர், கொழும்பில் ஒரு சாப்பாட்டுக் கடையில் வேலை பார்த்தார். லீவில் வரும்போதெல்லாம் பொரித்த கோழியும் பெரிய சோடாப் போத்தலும் சாக்லேட்டும் கொண்டுவருவார். அன்று வீட்டில் திருவிழாதான். அக்காவின் மகள் சோடாவைத் தம்ளரில் ஊற்றி லயம் முழுக்கக் கொண்டுபோய்க் கொடுப்பாள்.

எங்கள் தோட்டத்துக்கு மேலே ரோட்டோரத்தில் லீக்ஸும் கரட்டும் முட்டைக்கோவாவும் என்று மரக்கறி நன்றாக விளையும். விடியும்போதே லொறிகள் வந்து ஏற்றிக்கொண்டு போய்விடும். லயத்துக் கடைக்கு வருவது லொறிக்காரன் ஒதுக்கிய உடைந்த கரட்டும் வெளியிலை வாடிய கோவாவும். மாவும் சீனியும் பிஸ்கட்டும் மட்டும் எப்போதும் அப்பழுக்கில்லாமல் வந்து சேரும்.

சில வருடங்களில் அக்காவுக்குக் கழுத்து தெரியாமல் போனது. மோதிரத்தைச் சவர்க்காரம் போட்டுக் கழற்றி எடுத்து டப்பாவில் வைத்தாள். ஆரம்பத்தில் "வசதி வந்துருச்சு" என்று சொன்னவர்கள் மெல்லக் கேலி செய்யத் தொடங்கினார்கள். ஒரு நாள் அவள் கொழுந்து மடுவத்தைக் கடந்து போயிருக்கிறாள். பெண்கள் பறித்த கொழுந்தைத் தராசில் தொங்கவிட்டு நிறுக்கும் இடம். அங்கே நின்ற ஒருவன், "தராச எடுத்து உள்ள வைங்கப்பா, அறுந்துரப் போகுது," என்றானாம். எல்லோரும் சிரித்தார்கள். அக்காதான் எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரித்தாளாம். அதை என்னிடம் சொன்னபோதும் சிரித்தாள். ஆனால் அதற்குப் பிறகு மடுவம் இருக்கிற பக்கமே அவள் போகவில்லை. பிள்ளைக்காம்பராவுக்குச் சுற்று வழியில் போனாள். கொஞ்ச நாளில் சுற்று வழியும் மூச்சு வாங்க வைத்தது.

நான் அப்போது பக்கத்துத் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் ஆசிரியராகி, ஹட்டன் போகும் ரோட்டோரத்தில் ஒரு வாடகை வீட்டில் குடியிருந்தேன். அக்காவுக்கு அடிக்கடி தாகம், உடம்பெல்லாம் அரிப்பு, எந்நேரமும் தூக்கம் என்று அம்மா போனில் சொன்னாள். பிள்ளைக்காம்பராவுக்குக் குழந்தைகளை நிறுக்க வந்த மருத்துவமாது அக்காவையும் சோதித்துப் பார்த்துவிட்டு, உடனே ஆஸ்பத்திரிக்குப் போகச் சொல்லியிருந்தார். அன்று அவர் நிறுத்த குழந்தைகளில் பாதி நிறை பத்தாத குழந்தைகள். கூட்டிக்கொண்டு போக வந்த தாய்மாரில் பலர் அக்காவைப் போல் தடித்தவர்கள். "ஒரே வீட்டுச் சாப்பாடு, பாருங்க," என்று அந்த மருத்துவமாது என்னிடம் பிறகு சொன்னார்.

ஆஸ்பத்திரியில் டொக்டர் ஓர் இளம்பெண். அவருக்குச் சிங்களம்தான், தமிழ் தெரியாது. நான் நடுவில் நின்று சொன்னேன். ரத்தத்தில் சீனி மிக அதிகம், பிரஷரும் இருக்கிறது என்றார். பிறகு, "பான், பிட்டி கன்ன எப்பா," என்றார்.

"பாணும் மாவும் சாப்பிடக் கூடாதாம் அக்கா."

"ரொட்டி?"

"ரொட்டியும் மாவுதானே."

அக்கா டொக்டரின் முகத்தைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். "அப்ப காலையில என்னத்தத் திங்கிறதுன்னு கேளு தம்பி."

கேட்டேன். டொக்டர் கோபப்படவில்லை. பேனாவை வைத்துவிட்டுக் கொஞ்சம் யோசித்தார். அவித்த பயறு, குரக்கன் என்கிற கேழ்வரகு, கொஞ்சமாகச் சிவப்பரிசிச் சோறு, நிறைய மரக்கறி, சீனி போடாத தேத்தண்ணி என்றார். தினமும் நடக்க வேண்டும் என்றும் சொன்னார்.

"நடக்கவா?" என்று அக்கா சிரித்தாள். "மலையில நடந்ததெல்லாம் எங்க போச்சாம்?"

அதை நான் சிங்களத்தில் சொல்லவில்லை. வெளியே வராந்தாவில் எங்களைப் போல் நிறையப் பேர் உட்கார்ந்திருந்தார்கள். அடுத்த பெயரைக் கூப்பிட்டுவிட்டார்கள்.

அக்கா முயற்சி செய்யவில்லை என்று யாரும் சொல்ல முடியாது. ஹட்டனில் குரக்கன் மா வாங்கிக் கொடுத்தேன். அதில் ரொட்டி தட்டித் தின்றாள். தேத்தண்ணியில் சீனியை நிறுத்தினாள். முதல் வாரம் தலைவலியால் படுத்துக் கிடந்தாள். பிறகு பழகிவிட்டது. பிள்ளைக்காம்பராவுக்கு மறுபடியும் சுற்று வழியாகவே நடந்தாள். கிளினிக்கில் நிறை குறைந்திருப்பதைச் சொன்னபோது வெளியே வந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள். அவள் அப்படிச் சந்தோஷப்பட்டு நான் பார்த்து வெகுகாலமாகியிருந்தது.

ஆனால் லயத்தில் வேறு மாதிரிப் பேச்சு வந்தது. "என்ன வருத்தம் இவளுக்கு? மொகமே வத்திப்போச்சு," என்று தண்ணீர்க் குழாயடியில் கேட்டார்கள். தடித்திருந்தபோது யாரும் அவளை நோயாளி என்று சொல்லவில்லை. மெலியத் தொடங்கியதும் எல்லோரும் நோயைத் தேடினார்கள். அம்மா அவள் முகத்தைப் பார்த்துப் பார்த்து அழுதாள். செத்துப்போன தன் தம்பியின் முகம் மகளில் தெரிகிறது என்றாள். தட்டில் போட்ட சோற்றை அக்கா பாதியில் நிறுத்தினால் அம்மாவும் தன் தட்டை மூடி வைத்துவிடுவாள்.

அந்தத் தடவை மச்சான் லீவில் வந்தபோது நானும் அங்கே இருந்தேன். அவர் கோழியும் ஃப்ரைட் ரைஸும் சோடாவும் கொண்டுவந்திருந்தார். அக்கா குரக்கன் ரொட்டியோடு ஒதுங்கி உட்கார்ந்தாள்.

"இது என்னாது?" என்றார் மச்சான்.

"டொக்டர் சொன்னதுங்க."

"நான் யாருக்காகக் கொழும்புல கெடந்து மாடா ஒழைக்கிறேன்? நீ கறுப்பு ரொட்டி திங்கிறதுக்கா?" அவர் குரலில் கோபத்தைவிட அவமானம்தான் இருந்தது. பஸ்ஸில் மடியில் வைத்துக் காத்துக் கொண்டுவந்த சாப்பாடு அது. "ஒரு நாள் சாப்பிட்டா செத்தா போயிருவ?"

நான் ஏதோ சொல்ல வாயெடுத்ததும் அவர் என் பக்கம் திரும்பினார். "மச்சான், நீங்க படிச்சவரு. ஆனா இது எங்க குடும்பம்," என்றார். அக்கா எழுந்து வந்து அவர் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டாள். மகளும் அம்மாவும் சிரித்தார்கள். வீடு பழையபடி ஆனது.

பிறகு நாடு முழுக்கச் சாமான்கள் விலையேறிய காலம் வந்தது. குரக்கன், பயறு எல்லாம் எங்களுக்கு எட்டாத பொருள்களாகிவிட்டன. கிளினிக்கில் மாத்திரை இல்லை, வெளியே வாங்கச் சொன்னார்கள். அக்கா கிளினிக்குக்குப் போவதை நிறுத்தினாள். மா கிடைத்த நாளில் மா, கிடைக்காத நாளில் வெறும் சீனித் தேத்தண்ணி. சாமான்கள் மறுபடியும் கடைக்கு வந்தபோது பழைய சாப்பாடும் கூடவே வந்தது. பட்ட பாட்டுக்கெல்லாம் சேர்த்துத் தின்பதுபோல் எல்லோரும் தின்றோம். எனக்கும் அந்தச் சமயத்தில்தான் வயிறு வைத்தது. இப்போது நானும் மாத்திரை போடுகிறேன். நிறைக் குறைப்பெல்லாம் போய், அக்கா முன்னைவிடத் தடித்தாள்.

ஒரு மழைக்காலம். குளிர் எலும்புக்குள் போகிற நாட்கள். பள்ளிக்கூடம் போக வெளிக்கிட்டுக்கொண்டிருந்தபோது அக்காவின் மகள் போன் பண்ணினாள். அவள் அப்போது சாதாரண தரப் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தாள்.

"மாமா, அம்மா காலு சுட்டிருச்சு."

"எப்படிம்மா?"

"அடுப்புகிட்ட காலை நீட்டிக்கிட்டு உக்காந்திருந்தாங்க. எனக்கு வாசம் வந்துச்சு. ரொட்டி கருகுதுன்னு நெனச்சேன். பாத்தா அம்மாவோட வெரலு மாமா. அவங்களுக்குத் தெரியவே இல்ல."

நான் போனபோது அக்கா சாக்ஸ் போட்டுக் காலை மூடிக்கொண்டிருந்தாள். காட்டு என்றால் காட்டவில்லை. "வலிக்கலடா. வலிச்சாத்தானே வருத்தம்?" என்றாள். தோட்டத்து டிஸ்பென்சரியிலிருந்து வந்து மருந்து கட்டினார்கள். ஆஸ்பத்திரிக்குப் போகச் சொன்னார்கள். மழை விடட்டும் என்றாள். அவள் தள்ளிப்போட்டதற்கு உண்மையான காரணம் எனக்குத் தெரியும். அவர்கள் இருந்தது கீழ்லயம். அங்கிருந்து ரோட்டுக்கு வரச் செங்குத்தான ஒற்றையடிப் பாதை. பாதி தூரம் கல்லில் வெட்டிய படி, மீதி வெறும் மண். அந்தப் பாதையில் அவள் ஏறி மாதக்கணக்காகியிருந்தது. ஏற முடியாது என்பதை ஊர் பார்க்க அவள் விரும்பவில்லை.

மழை விடவில்லை. அக்காவுக்குக் காய்ச்சல் வந்தது. சாக்ஸைக் கழற்றியபோது வந்த நாற்றத்தில் மகள் வாசலுக்கு ஓடி வாந்தி எடுத்தாள். கால் கணுவரை கறுத்திருந்தது. நான் ஆம்புலன்ஸுக்குப் போன் பண்ணினேன். பாதையில் ஒரு இடத்தில் மண் சரிந்திருந்தது. ஆம்புலன்ஸ் மேலே ரோட்டில் வந்து நின்றது. ரயில் பாதையிலும் மண் விழுந்ததால் மச்சான் கொழும்பிலிருந்து வர முடியாமல் தவித்துக்கொண்டிருந்தார்.

தோட்டத்தில் நோயாளிகளைத் தூக்கிப் பழக்கம் உண்டு. ஒரு கதிரையில் உட்காரவைத்து, கம்பு கட்டித் தூக்கிக்கொண்டு போவோம். பிரசவப் பெண்களையும் அப்படித்தான். அன்றும் பக்கத்து வீட்டிலிருந்து பிளாஸ்டிக் கதிரை வந்தது. அக்கா உட்கார்ந்தாள். நாங்கள் தூக்கிய உடனே கதிரையின் ஒரு கால் உடைந்தது. யாரும் சிரிக்கவில்லை. பிறகு தார்ப்பாயை மடித்து, சாக்குகளை அடியில் வைத்து, இரண்டு நீளக் கம்புகளில் கட்டினோம். லயத்தில் இருந்த ஆம்பிளைகள் எல்லோரும் வந்தார்கள். ஒரு காலத்தில் தராசைப் பற்றிக் கேலி செய்தவனும் வந்தான். என் தோளில் கம்பு அழுத்தியது. மழைத் தண்ணீர் பாதை வழியாகச் சிற்றாறு போல் இறங்கிக்கொண்டிருந்தது.

கல்படி வரை கொண்டுபோய்விட்டோம். படியில் எனக்கு முன்னால் போனவருடைய கால் வழுக்கி எல்லோரும் ஒரு பக்கமாகச் சாய்ந்தோம். அக்கா கத்தவில்லை. "கீழ போடுங்க," என்றாள். "என்னால இன்னொருத்தன் கால் ஒடைய வேணாம். போடுங்க."

"அக்கா, பேசாம இரு."

"போடுடா தம்பி."

போட்டோம். அவள் படியில் உட்கார்ந்து, மேலே முதுகைக் காட்டி, கைகளைப் பின்னால் ஊன்றி, ஒவ்வொரு படியாகத் தன்னை இழுத்துக்கொண்டு ஏறத் தொடங்கினாள். கருகிய கால் முன்னால் நீண்டு கிடந்தது. நாங்கள் இரண்டு பக்கமும் கக்கத்தில் கைகொடுத்துத் தூக்கினோம். அவள் மகள் கீழே நின்று, சேலை விலக விலக இழுத்து மூடிக்கொண்டே வந்தாள். ஒவ்வொரு படிக்கும் அக்கா கண்ணை மூடி மூச்சை இழுத்தாள். மழையில் அவள் அழுதாளா என்று சொல்ல முடியவில்லை.

மேலே ரோட்டில் நின்ற ஒருவர் போனில் படம் எடுத்துக்கொண்டிருந்தார். நான் கத்தினேன். "சேர், நல்லதுக்குத்தான். பேஸ்புக்ல போட்டாத்தான் நமக்கு ரோடு போட்டுத் தருவாங்க," என்றார். அவரும் எங்கள் தோட்டத்துக்காரர்தான். அவர் பொய் சொல்லவில்லை. அவருடைய மனைவியையும் ஒருமுறை அந்தப் பாதையில்தான் தூக்கிவந்திருந்தோம்.

ஆஸ்பத்திரியிலிருந்து அவளைப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். முழங்காலுக்குக் கீழே காலை எடுத்தார்கள். வார்டில் அக்காவுக்குப் பக்கத்துக் கட்டிலில் கொத்மலைப் பக்கத்துத் தோட்டத்துப் பெண் ஒருத்தி. அவளுக்கும் சீனி, அவளுக்கும் கால். ஆப்பரேஷனுக்குப் பிறகு அக்கா ஓரளவு தெளிவாக இருந்தாள். மச்சானும் வந்து சேர்ந்திருந்தார். அவர் கட்டிலோரம் தரையில் உட்கார்ந்து, போர்வை தட்டையாகக் கிடந்த இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "பொய்க்கால் வச்சா நடக்கலாமாங்க," என்று அக்கா அவருக்குத்தான் ஆறுதல் சொன்னாள்.

அந்த வீடியோ அதற்குள் நாடு முழுக்கப் போயிருந்தது. பார்வையாளர் நேரத்தில் யாரோ ஒரு பெண் போனைக் கையில் வைத்துக்கொண்டு வந்து, "இது நீங்கதானே?" என்று அக்காவிடம் கேட்டாள். இரக்கத்தில்தான் கேட்டாள். அக்கா போனை வாங்கிப் பார்த்தாள். பிறகு கீழே எழுதியிருந்தவற்றை விரலால் தள்ளித் தள்ளி வாசித்தாள். நான் தடுப்பதற்குள் நிறைய வாசித்துவிட்டாள். சிலர் ரோடு கேட்டு எழுதியிருந்தார்கள். சிலர் பாவம் என்று எழுதியிருந்தார்கள். ஒருவன், "ரோடு தேவையில்ல, சாப்பாட்டக் கொறச்சாப் போதும்," என்று எழுதியிருந்தான். அதற்குக் கீழே சிரிக்கும் முகங்கள் வரிசையாக இருந்தன. தோட்டத்து ஆட்கள் பட்டினி என்கிறார்களே, இதைப் பார்த்தால் அப்படித் தெரியவில்லையே என்று சிங்களத்திலும் ஒருவர் எழுதியிருந்தார்.

"இவனுங்க யாருடா தம்பி?" என்று அக்கா கேட்டாள். "நம்மள எங்கயாச்சும் பாத்திருக்கானுங்களா?"

அவள் போனை அந்தப் பெண்ணிடம் மரியாதையாகத் திருப்பிக் கொடுத்தாள்.

அன்று மாலை அம்மா சோறு கட்டிக்கொண்டு வந்தபோது அக்கா சாப்பிடவில்லை. திரையை இழுத்துவிடச் சொன்னாள். திரைக்குள்ளும் இரண்டு வாய்க்கு மேல் எடுக்கவில்லை. அதன்பின் கடைசி வரை யார் பார்க்கவும் அவள் சாப்பிட்டதில்லை. பக்கத்துக் கட்டில் பெண் ஒரு தோடம்பழத்தை நீட்டினால்கூடத் தலையணைக்கு அடியில் வைத்துக்கொள்வாள்.

கீழ்லயத்துக்கு இனி அவளால் போக முடியாது என்பதால் ரோட்டோரத்தில் இருந்த என் வீட்டுக்குக் கொண்டுவந்தோம். என் மனைவி முன்னறையைக் காலிசெய்து கொடுத்தாள். அம்மாவும் அக்காவின் மகளும் அங்கேயே வந்து தங்கினார்கள். அக்கா ஜன்னலோரம் உட்கார்ந்திருப்பாள். ரோட்டில் ஆள் வந்தால் திரையை இழுத்துவிடுவாள். பொய்க்காலுக்கு அளவெடுக்க ஒருமுறை போனோம். நிறை குறைந்தால்தான் அது தாங்கும் என்றார்கள். அக்கா தலையாட்டினாள். அதற்குப் பிறகு அதைப் பற்றிப் பேசவே இல்லை.

ஒரு நாள் காலை, நான் பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்திக்கொண்டிருந்தபோது மனைவியிடமிருந்து போன் வந்தது. அக்கா நெஞ்சு வலிக்கிறது என்று சொல்லியிருக்கிறாள். தண்ணீர் கொண்டுவருவதற்குள் முடிந்துவிட்டது. நாற்பத்தைந்து வயதுகூட ஆகவில்லை.

சவப்பெட்டி செய்ய அளவு கேட்டபோது மச்சான் வெளியே எழுந்து போய்விட்டார். நான்தான் சொன்னேன். வந்தவர்கள் எல்லாம் என்ன வருத்தம், எப்படி என்று கேட்டுக்கொண்டிருந்தார்கள். அம்மா அக்காவின் கன்னத்தைத் தடவிக்கொண்டே உட்கார்ந்திருந்தாள். அந்தக் கன்னம் அப்போதும் உருண்டையாகத்தான் இருந்தது. "பட்டினியில சாகல எம்புள்ள," என்று அம்மா ஒவ்வொருவரிடமும் சொன்னாள். "வயித்துக்குக் கொறையில்லாம வச்சிருந்தேன். பட்டினியில சாகல." என் மனைவி சமையலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

வீடியோவை எடுத்தவர் மரணவீட்டுக்கு வந்து என் கையைப் பிடித்து அழுதார். அதை அழித்துவிட்டேன் என்றார். அவர் அழித்ததால் ஒன்றும் ஆகவில்லை. வேறு வேறு ஆட்கள் எடுத்துப் போட்டிருந்தார்கள். மழைக்காலம் வந்தால் யாராவது ஒருவர் அதை மறுபடியும் போடுகிறார்கள். பாதையை அளக்க இரண்டு மூன்று தடவை ஆட்கள் வந்தார்கள். நாடா பிடித்தார்கள், படம் எடுத்தார்கள், தேத்தண்ணி குடித்துவிட்டுப் போனார்கள். பாதை அப்படியேதான் இருக்கிறது.

மச்சான் கொழும்பு வேலையை விட்டுவிட்டு வந்து இப்போது ஒரு மரக்கறித் தோட்டத்தில் கூலிக்குப் போகிறார். சோடா, கோழி எதுவும் வாங்குவதில்லை. யாராவது கொண்டுவந்து கொடுத்தால் எழுந்து வெளியே போய்விடுகிறார்.

அக்காவின் மகள் என்னோடுதான் இருக்கிறாள். ஹட்டனில் ஒரு துணிக்கடையில் கணக்கெழுதுகிறாள். உடம்பு தாயின் உடம்பு. கொஞ்ச நாளாகக் களைப்பாக இருக்கிறது என்றதால் கிளினிக்குக்குக் கூட்டிக்கொண்டு போனேன். சீனி எல்லையில் நிற்கிறது, இப்போதே கவனித்தால் தப்பலாம், தினமும் நடக்க வேண்டும் என்றார்கள். மறுநாள் காலை அவளே எழுந்து என்னை எழுப்பினாள்.

நாங்கள் ரோட்டில் நடக்கத் தொடங்கினோம். முதல் சில நாட்கள் நன்றாகத்தான் போனது. அவள் எனக்கு முன்னால் வேகமாக நடப்பாள். நான் மூச்சு வாங்கப் பின்னால் வருவேன். ஒரு காலையில் இளைஞர்கள் நிறைந்த ஒரு வேன் எங்களைக் கடந்து போய், வேகத்தைக் குறைத்தது. ஜன்னலிலிருந்து ஒரு கை போனோடு வெளியே நீண்டது. உள்ளே சிரிப்புச் சத்தம். அவள் நின்றாள். திரும்பி வீட்டுக்குப் போய்விடுவாள் என்றுதான் நினைத்தேன்.

"வீட்டுக்குப் போவோமா பாப்பா?" என்றேன்.

"வேணாம் மாமா."

அவள் துப்பட்டாவை எடுத்துக் கண் மட்டும் தெரியும்படி முகத்தைச் சுற்றிக் கட்டிக்கொண்டாள். வேன் வளைவில் மறைந்ததும் மறுபடியும் நடந்தாள். இப்போது தினமும் வாசலிலேயே முகத்தைக் கட்டிக்கொண்டுதான் இறங்குகிறாள். கேட்பவர்களிடம் பனிக்காக என்று சொல்கிறாள்.